ஐரோப்பா என்றால் எந்த ஐரோப்பா, அண்ணே?

"ஒரே விண்ணப்பம், ஒரே கட்டணம், ஐரோப்பா முழுவதும் காப்புரிமை." 2023ஆம் ஆண்டிலிருந்து இப்படி ஒரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சிறுதொழில் செய்பவர்கள் குழு, கல்லூரிப் பேராசிரியர்கள் குழு என்று தொடங்கி, கடைசியில் எங்கள் தெரு நலச்சங்கக் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேச வேண்டிய குழுவில் இது எதற்கு என்று கேட்டேன். பதிலுக்கு ஒருவர் கைகூப்பும் பொம்மையைப் போட்டார்.

நான் கும்பகோணத்தில் காப்புரிமை (பேட்டன்ட்) முகவராகத் தொழில் செய்கிறவள். முன்பு சென்னையில், கிண்டிக் காப்புரிமை அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வேலை. தாக்கல் எல்லாம் இணையவழி ஆனபிறகு கிண்டியில் இருந்தால் என்ன, கும்பகோணத்தில் இருந்தால் என்ன என்று ஊருக்கே வந்துவிட்டேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பட்டறைக்காரர்கள், அரிசி ஆலைக்காரர்கள், பாத்திரத் தொழில் செய்பவர்கள், எப்போதாவது ஒரு கல்லூரி. அவர்கள் எல்லோரும் அந்தச் செய்தியைக் கைப்பேசியில் காட்டி, "இதில் நமக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. எழுதி வைத்துவிட்டால் சுட்டியை அனுப்பிவிடலாம்.

மன்னார்குடிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரின் விவகாரத்தை வைத்தே சொல்கிறேன். அவருடைய விண்ணப்பம் ஏற்கெனவே வெளியாகிவிட்டது. அவரும் சரி என்று சொல்லிவிட்டார். பெயரை மட்டும் விட்டுவிடச் சொன்னார், கடன் கேட்டு ஆள் வருவார்களாம்.

அவர் செய்திருப்பது நெல் உலர்த்தி. டிராக்டரின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு களத்துக்கே போகலாம், எரிபொருள் உமி. டெல்டாவில் இது ஏன் பெரிய விஷயம் என்பதை டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள். தளர்வு அறிவிக்கும் வரை தார்ச்சாலையில் கொட்டிக் கிளறிக்கொண்டிருக்க வேண்டும். உமியை எரித்து நெல்லைக் காயவைக்கும் உலர்த்திகள் புதிதல்ல. ஆனால் புகை நெல்லில் பட்டால் அரிசியில் வாடை ஏறும், சூடு கூடினால் அரைக்கும்போது நொறுங்கும். அண்ணன் இந்த இரண்டையும் ஒரே அமைப்பில் சரிசெய்திருக்கிறார்: புகை போகும் குழாயைச் சுற்றி இன்னொரு குழாய், இடைவெளியில் காற்று சூடாகிறது, நெல் ஈரம் குறையக் குறைய அந்தக் காற்றின் வேகத்தை ஒரு தகடு தானாகவே அடைக்கிறது. மோட்டாரும் கிடையாது, மின்னணுவும் கிடையாது. தகட்டை நகர்த்துவது நெல்லின் எடைதான். ஈரம் போனால் எடை குறையும், எடை குறைந்தால் தகடு நகரும். பார்த்ததும் எனக்குக் கைதட்டத் தோன்றியது.

ஐரோப்பா ஆசை அவருக்கு மைத்துனர் வழியாக வந்தது. மைத்துனர் வட இத்தாலியில் வேலை பார்க்கிறார். வெர்செல்லிப் பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கும் நெல் வயல்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். நம் ஊர் மாதிரியேதான் இருக்கிறது. "அவர்களுக்கும் நெல் காய வேண்டுமே, அம்மா" என்றார் அண்ணன். நியாயமான பேச்சு.

சரி, ஐரோப்பியக் காப்புரிமை என்பது என்ன? 1973இல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1977இல் அது நடைமுறைக்கு வந்தது, 1978 ஜூனில் விண்ணப்பங்களை வாங்கத் தொடங்கினார்கள். இது ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைப்பு அல்ல. பிரிட்டன், சுவிட்சர்லாந்து, துருக்கி உட்பட 39 நாடுகள் இதில் இருக்கின்றன. மியூனிக்கில் இருக்கும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் என்ற ஒரே இடத்தில் விண்ணப்பம், ஒரே பரிசோதனை. ஆனால் காப்புரிமை கையில் கிடைத்த மறுநாள் அது பல துண்டுகளாக உடைந்துவிடும். எந்தெந்த நாட்டில் வேண்டுமோ அந்தந்த நாட்டில் போய்ப் பதிய வேண்டும், அந்த நாட்டு மொழியில் மொழிபெயர்க்க வேண்டும், ஆண்டுதோறும் அந்த நாட்டுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். 2008 மே மாதம் லண்டன் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபிறகு ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகள் முழு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று விட்டுவிட்டன. இத்தாலியும் ஸ்பெயினும் அந்த உடன்படிக்கையில் சேரவில்லை. நெல் விளையும் நாடுகளாகப் பார்த்து விலகி நின்றுவிட்டார்கள் என்று அண்ணன் சலித்துக்கொண்டார்.

2023 ஜூன் 1 அன்று வந்ததுதான் வாட்ஸ்அப்பில் சுற்றும் 'ஒற்றைக் காப்புரிமை'. விண்ணப்பமும் பரிசோதனையும் பழையபடி மியூனிக்கில்தான். காப்புரிமை கிடைத்த அறிவிப்பு வந்த ஒரு மாதத்துக்குள், "எனக்கு இதை ஒன்றாகவே கொடுங்கள்" என்று கேட்டால், சேர்ந்திருக்கும் நாடுகள் அனைத்துக்கும் ஒரே காப்புரிமையாக அது நிற்கும். கேட்பதற்குக் கட்டணம் இல்லை. தொடங்கியபோது 17 நாடுகள், 2024 செப்டம்பரில் ருமேனியா சேர்ந்து 18 ஆனது. கூடவே ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்றமும் அதே நாளில் திறந்தது.

இங்கே கூட்டுப் பட்டாவையும் தனிப் பட்டாவையும் நினைத்துக்கொண்டால் போதும், நம் ஊரில் யாருக்கும் விளங்கிவிடும். பழைய முறை தனிப் பட்டா. ஒரு நாட்டில் வியாபாரம் இல்லையென்றால் அந்த நாட்டுக்கு மட்டும் கட்டணத்தை நிறுத்திவிடலாம். ஒரு நாட்டில் வழக்குப் போட்டுத் தோற்கடித்தாலும் மற்ற நாட்டில் உங்கள் உரிமை நிற்கும். புதிய முறையில் வைத்தால் பதினெட்டும், விட்டால் பதினெட்டும். எதிராளி அந்த நீதிமன்றத்தில் ஒரே வழக்கில் ஜெயித்தால் அத்தனை நாட்டிலும் ஒரே நாளில் போய்விடும். நீதிமன்றம் தொடங்கிய காலத்தில் அப்படி ஒரு ரத்து வழக்குப் போட எதிராளி கட்ட வேண்டியது 20,000 யூரோ. பெரிய நிறுவனத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல. தனிப் பட்டாக்காரர்களையும் அந்த நீதிமன்றம் இழுக்கும். வேண்டாம் என்றால் விலகிக்கொள்வதாக முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, ஏழு ஆண்டு இடைக்காலத்துக்கு அந்த வாய்ப்பு திறந்திருக்கிறது.

ஆண்டுக் கட்டணம் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. பதினெட்டு நாட்டுக்கும் சேர்த்து இரண்டாம் ஆண்டுக்கு 35 யூரோ, மூன்றாம் ஆண்டுக்கு 105, பத்தாம் ஆண்டுக்கு 1,175. முதல் பத்து ஆண்டுக்கும் கூட்டினால் 4,685. இருபதாம் ஆண்டுக்கு மட்டும் 4,855. பத்துப் பன்னிரண்டு நாட்டில் மருந்து விற்கிறவருக்கு இது லாபம், சந்தேகமே இல்லை. அந்த வாட்ஸ்அப் செய்தியை எழுதியவர் அப்படிப்பட்ட ஒருவருக்காக எழுதியிருக்க வேண்டும்.

நெல் உலர்த்தி செய்பவருக்கு? ஐரோப்பிய ஒன்றியத்தில் நெல் அதிகம் விளைவது இத்தாலியில், அடுத்தது ஸ்பெயினில். இத்தாலி பதினெட்டில் இருக்கிறது. ஸ்பெயின் இல்லை. ஒற்றைக் காப்புரிமை பேச்சு தொடங்கிய காலத்திலேயே, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மட்டும்தான் மொழிகள் என்றால் நாங்கள் வரமாட்டோம் என்று ஸ்பெயின் கோபித்துக்கொண்டு, வழக்கும் போட்டுத் தோற்று, இன்றுவரை வெளியிலேயே நிற்கிறது. மொழிக்காக முறைத்துக்கொண்டு நிற்பவர்கள் மேல் தமிழ்நாட்டுக்காரிக்கு மரியாதை வராமல் இருக்குமா? ஆனால் பில் அண்ணனுக்கு வருகிறது. வாலென்சியா, எப்ரோ டெல்டா, செவில் என்று ஸ்பெயினின் நெல் நாடு முழுக்க 'ஐரோப்பா முழுவதும்' என்ற காப்புரிமைக்கு வெளியே. கிரீசும் வெளியே, துருக்கியும் வெளியே. உள்ளே இருப்பது எஸ்டோனியா, லாட்வியா, பின்லாந்து. பின்லாந்தில் யார் நெல் காயவைக்கிறார்கள்?

படத்தை விரித்து இதைக் காட்டியபோது அண்ணன் வெகுநேரம் ஸ்பெயினையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐரோப்பா முழுவதும் என்றார்களே, அம்மா?" "ஐரோப்பா என்றால் எந்த ஐரோப்பா, அண்ணே?" என்றேன். "நெல் விளைகிற ஐரோப்பா" என்றார்.

இதில் ஒரு நல்ல நுணுக்கம் உண்டு. ஒற்றைக் காப்புரிமைக்கு இப்போதைக்கு இடைக்கால விதி ஒன்று இருக்கிறது. விண்ணப்பம் ஆங்கிலத்தில் நடந்திருந்தால், ஒன்றிய நாடுகளின் ஏதாவது ஓர் ஆட்சிமொழியில் முழு மொழிபெயர்ப்பு ஒன்று கொடுக்க வேண்டும். எந்த மொழி என்பது உங்கள் விருப்பம். ஸ்பெயின் வெளியே இருந்தாலும் ஸ்பானிய மொழி ஒன்றியத்தின் ஆட்சிமொழிதான். ஆகவே ஸ்பானிய மொழியில் பெயர்த்து ஒற்றைக் காப்புரிமைக்குக் கொடுத்துவிட்டு, அதே மொழிபெயர்ப்பை ஸ்பெயினில் தனியாகப் பதியவும் பயன்படுத்திக்கொள்ளலாம். இத்தாலிய மொழிபெயர்ப்பு தேவையே இல்லை. பழைய முறையில் இத்தாலி, ஸ்பெயின் இரண்டில் பதிந்தால் இரண்டு முழு மொழிபெயர்ப்பு. புதிய முறையில் ஒன்று. இரண்டே நாடு வேண்டுமென்றாலும் கூட்டுப் பட்டா தொடக்கச் செலவில் மலிவாக வந்துவிடுகிறது, போனஸாக லாட்வியாவும் கிடைக்கிறது. மொழிபெயர்ப்புச் செலவுக்கு ஈடாகச் சிறு நிறுவனங்களுக்கு 500 யூரோ திருப்பித் தருகிறார்களே என்று யாராவது சொன்னால் நம்பி உட்காராதீர்கள். அது ஒன்றிய நாடுகளில் இருப்பவர்களுக்கு மட்டும்.

ஆனால் இதெல்லாம் கடைசிப் படி. அதற்கு முன்னால் மியூனிக்கில் கட்ட வேண்டிய பணம் இருக்கிறது, நம்மவர்களுக்கு உண்மையில் வலிப்பது அங்கேதான். கட்டணம் வழக்கமாக இரண்டு ஆண்டுக்கொரு முறை ஏறும். நான் இங்கே போடும் எண்கள் 2024 ஏப்ரல் அட்டவணை. கட்டுவதற்கு முன் அன்றைய அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரிலிருந்து போகும் வழி இது. முதலில் இந்தியாவில் தாக்கல், தனிநபருக்கு 1,600 ரூபாய். பன்னிரண்டு மாதத்துக்குள் பி.சி.டி. (காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தம்) என்ற சர்வதேச விண்ணப்பம். முதல் தாக்கலிலிருந்து முப்பத்தொன்றாவது மாதத்துக்குள் மியூனிக்கில் நுழைய வேண்டும். நுழையும்போது தாக்கல் கட்டணம் 135 யூரோ, துணைத் தேடலுக்கு (முன்பே இப்படி ஒன்று இருந்ததா என்று அவர்களும் ஒருமுறை தேடுவதற்கு) 1,520, பரிசோதனைக்கு 1,915, நாடுகளைக் குறிப்பிடுவதற்கு 685. ஆக 4,255 யூரோ. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாலேகால் லட்சம். இது மியூனிக் அலுவலகத்துக்கு மட்டும். ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பவர்கள் அங்கே பதிவு பெற்ற பிரதிநிதி வழியாகத்தான் நடத்த வேண்டும். அவர் ஒரு பதில் கடிதத்துக்கு வாங்குவதில் நம் ஊரில் ஒரு கல்யாணத்துக்குச் சமையல்காரருக்குக் கொடுத்துவிடலாம்.

2024 ஏப்ரல் 1 அன்று வந்த ஒரு மாற்றம்தான் என்னைப் பொறுத்தவரை நமக்கானது. அதைப் பற்றி எந்த வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு வரி வரவில்லை. குறு நிறுவனங்கள், தனிநபர்கள், லாப நோக்கற்ற அமைப்புகள், பல்கலைக்கழகங்கள், பொது ஆராய்ச்சி நிறுவனங்கள் ஆகியோருக்கு முக்கியமான கட்டணங்கள் எல்லாவற்றிலும் 30 சதவீதத் தள்ளுபடி. எந்த நாட்டுக்காரர் என்று கேட்பதில்லை. மன்னார்குடியும் ஒன்றுதான், மிலானும் ஒன்றுதான். குறு நிறுவனம் என்றால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்க வேண்டும், ஆண்டு விற்றுமுதலோ சொத்து நிலையோ 20 லட்சம் யூரோவைத் தாண்டக் கூடாது. முந்தைய ஐந்து ஆண்டில் மியூனிக்கில் ஐந்துக்கும் குறைவான விண்ணப்பங்களே போட்டிருக்க வேண்டும். நம் பட்டறைகளில் இதைத் தாண்டுகிறவரை இனிமேல்தான் பார்க்க வேண்டும். கூட்டாக விண்ணப்பித்தால் ஒவ்வொருவரும் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும். கல்லூரியும் பெரிய கம்பெனியும் சேர்ந்து போட்டால் தள்ளுபடி போயிற்று.

மகிழ்ச்சியில் குதிக்க வேண்டாம். அதே 2024 அட்டவணையில் ஆண்டுக் கட்டணத்தின் தொடக்கப் படிகளை நன்றாகவே உயர்த்திவிட்டார்கள். மூன்றாம் ஆண்டுக்கு 530 யூரோவாக இருந்தது 690 ஆனது, நான்காம் ஆண்டுக்கு 660 இருந்தது 845 ஆனது. இது காப்புரிமை கிடைப்பதற்கு முன்பே, விண்ணப்பம் கிடப்பில் இருக்கும்போதே கட்ட வேண்டிய பணம். இந்தியாவில் காப்புரிமை கைக்கு வந்தபிறகுதான் ஆண்டுக் கட்டணம், அதுவும் சிறியவர்களுக்கு மூன்றாம் ஆண்டுக்கு 800 ரூபாய். தள்ளுபடிக்குப் பிறகு 690 என்பது 483 ஆகிறது. பழைய 530க்கும் இதற்கும் நாற்பத்தேழு யூரோ வித்தியாசம். தள்ளுபடி தெரியாமல் முழுசாகக் கட்டுகிறவர்தான் ஏமாளி.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. கிடப்பில் இருக்கும் விண்ணப்பத்துக்கு ஆறாம் ஆண்டில் 1,155 யூரோ. அதே ஆறாம் ஆண்டில் காப்புரிமை கிடைத்து ஒற்றைக் காப்புரிமையாகிவிட்டால் பதினெட்டு நாட்டுக்கும் சேர்த்து 475. தள்ளுபடி போக 808 என்று வைத்துக்கொண்டாலும், காத்திருப்பது கிடைத்ததைவிட விலை அதிகம். இழுத்தடித்தால் செலவைத் தள்ளிப்போடலாம் என்பது இந்திய நடைமுறையில் வளர்ந்த எங்கள் தொழில்காரர்களின் பழக்கம். மியூனிக்கில் அது கைக்காசைக் கரைக்கும். பரிசோதகர் கடிதம் வந்தால் கடைசி நாள்வரை காத்திருக்காமல் பதில் எழுதிவிடுவதுதான் அங்கே சிக்கனம்.

கடைசி நாள் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2023 அக்டோபர் முடியும் வரை, மியூனிக் கடிதத்தில் இருக்கும் தேதிக்குப் பத்து நாள் கழித்துத்தான் அது நம் கைக்கு வந்ததாக வைத்துக் கெடுவை எண்ணுவார்கள். அந்தப் பத்து நாளை எடுத்துவிட்டார்கள். இப்போது கடிதத்தில் என்ன தேதியோ அதுதான். பழைய கணக்கில் எண்ணிக்கொண்டிருக்கும் முகவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அண்ணன் விஷயத்தில் நாங்கள் பணத்தை மிச்சம் பிடித்த இடங்கள் இரண்டு.

ஒன்று, யார் பெயரில் விண்ணப்பம் என்பது. அவருடைய ஆடிட்டர், உடனே பிரைவேட் லிமிடெட் தொடங்கி கம்பெனி பெயரில் போடச் சொல்லியிருந்தார். மரியாதையாக இருக்குமாம். பி.சி.டி. விண்ணப்பத்தின் சர்வதேசக் கட்டணம் 1,330 சுவிஸ் பிராங்க். இந்தியக் குடிமகனாக, இந்தியாவில் வசிக்கும் தனிநபர் தன் பெயரில் போட்டால் 90 சதவீதம் தள்ளுபடி. 133 பிராங்கில் முடிந்தது. கம்பெனி பெயரில் போட்டால் அந்தத் தள்ளுபடி கிடையாது. உண்மையான உரிமையாளர் கம்பெனியாக இருக்கும்போது ஆள் பெயரை மட்டும் முன்னால் நிறுத்துவது செல்லாது, அதை நான் செய்யவும் மாட்டேன். இங்கே பட்டறையும் அவருடையது, மூளையும் அவருடையது. ஆடிட்டரின் மரியாதைக்காக ஒரு லட்சத்துக்கு மேல் கொடுப்பானேன்?

இரண்டு, தேடலை யாரிடம் கொடுப்பது. பி.சி.டி. விண்ணப்பத்துக்கு உலகில் இதற்கு முன் இப்படி ஒன்று இருந்ததா என்று தேடித் தர ஓர் அலுவலகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்திய அலுவலகம் தனிநபருக்கு 2,500 ரூபாயில் தேடித் தருகிறது. எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். மியூனிக் அலுவலகத்தையும் எடுக்கலாம், அதற்கு 1,845 யூரோ. கேட்டவுடன் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், இந்தியாவைப் போன்ற நாட்டுத் தனிநபருக்கு அதில் 75 சதவீதம் தள்ளுபடி, கட்ட வேண்டியது சுமார் 461 யூரோ. நாற்பத்தாறாயிரம் ரூபாய். 2,500க்குப் பக்கத்தில் வைத்தால் அநியாயமாகத் தெரியும். ஆனால் இந்தியாவில் தேடியவர் மியூனிக்கில் நுழையும்போது துணைத் தேடல் என்று 1,520 யூரோ மறுபடி கட்ட வேண்டும். மியூனிக்கிலேயே தேடியவருக்கு அது இல்லை, பரிசோதனைக் கட்டணம் மட்டும் 2,135 ஆகக் கூடும். 30 சதவீதத் தள்ளுபடியோடு இரண்டையும் தாளில் கூட்டினோம். இந்திய வழியில் நுழையும் செலவு 2,978 யூரோ. மியூனிக் வழியில் 2,068, முன்னால் கட்டிய 461ஐச் சேர்த்தால் 2,529. இந்தியத் தேடலுக்கான 2,500 ரூபாயும் மிஞ்சுவதால் கிட்டத்தட்ட 47,000 ரூபாய் மிச்சம். அதைவிடப் பெரிய மிச்சம், பின்னால் பரிசோதிக்கப் போகிற அலுவலகம் என்ன நினைக்கிறது என்பது லட்சங்களைக் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

உரிமைக் கோரல்கள், அதாவது 'இது என்னுடையது' என்று விண்ணப்பத்தில் எண் போட்டு எழுதும் வரிகள், அவற்றின் எண்ணிக்கையும் பணம்தான். பதினைந்து வரை இலவசம், பதினாறாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 275 யூரோ, இதற்கு அந்த 30 சதவீதத் தள்ளுபடியும் கிடையாது. அண்ணன் என்னிடம் வருவதற்கு முன் வேறொருவர் எழுதிக் கொடுத்த வரைவில் இருபத்திரண்டு கோரல்கள். பதினெட்டாவது கோரல் இப்படிப் போயிற்று: 'கோரல் 1இல் கூறப்பட்ட உலர்த்தி, அதன் சக்கரங்கள் ரப்பரால் ஆனவை.' பத்தொன்பது: 'கோரல் 1இல் கூறப்பட்ட உலர்த்தி, அதன் சக்கரங்கள் இரும்பால் ஆனவை.' சக்கரம் ரப்பரா இரும்பா என்று சொல்ல 550 யூரோ. இரண்டையும் அடித்தேன். உமித் தொட்டியின் மூடி பற்றி மூன்று கோரல்கள் இருந்தன, ஒன்றாக்கினேன். தகட்டைப் பற்றிய கோரலை மட்டும் தொடவில்லை. 'கோரல் 1 முதல் 4 வரை ஏதேனும் ஒன்றின்படி' என்று சேர்த்து எழுதுவதற்கு மியூனிக்கில் தடை இல்லை, அதனால் மீதியும் சுருங்கி பதினைந்தில் நின்றது. ஏழு கோரல், 1,925 யூரோ.

இவ்வளவு கணக்குக்கும் மேலே ஒரு விஷயம் இருக்கிறது. அது மாறவே இல்லை, மாறாததுதான் நம்மவர்களை அதிகம் அடிக்கிறது. விண்ணப்பத்துக்கு ஒரு நாள் முன்பு உலகத்தில் எங்கேயாவது, எந்த மொழியிலாவது, எழுத்தாலோ பேச்சாலோ பயன்பாட்டாலோ வெளியில் தெரிந்துவிட்டால் மியூனிக்கில் அது புதுமை இல்லை. சொந்தக்காரரே வெளியிட்டிருந்தாலும் அப்படித்தான். வேளாண் கண்காட்சியில் வைத்தேன், மாலை போட்டார்கள், யூடியூபில் ஒன்றரை லட்சம் பேர் பார்த்தார்கள் என்று பெருமையாக வருவார்கள். நான் வீடியோவின் தேதியைப் பார்ப்பேன். தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் தேங்காய் உரிக்கும் கருவியோடு வந்தபோது அவர் வீடியோவுக்கு வயது எட்டு மாதம். ஐரோப்பாவை மறந்துவிடச் சொன்னேன். வீடியோவை அழித்துவிட்டால் சரியாகுமா என்று கேட்டார். ஆகாது, தம்பி.

இந்த விதியைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வருவதில்லை. வேம்பைக் காப்பாற்றியதும் இதுதான். வேப்பெண்ணெயைப் பூஞ்சைக் கொல்லியாகப் பயன்படுத்துவதற்கு டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் அமெரிக்க வேளாண் துறைக்கும் மியூனிக் அலுவலகம் 1994இல் காப்புரிமை கொடுத்தது. 1995இல் சூழலியலாளர் வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றப் பசுமைக் கட்சியினர், இயற்கை வேளாண்மை இயக்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு ஆகியோர் சேர்ந்து எதிர்ப்பு மனு போட்டார்கள். இந்தியாவில் இது முன்பே பயன்பாட்டில் இருந்தது என்று காட்டினார்கள். 2000 மே மாதம் காப்புரிமை ரத்தானது, 2005 மார்ச்சில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. எதிர்ப்பு மனுவுக்குக் காப்புரிமை கிடைத்ததிலிருந்து ஒன்பது மாதம்தான் அவகாசம், முடிய ஆனது பத்து ஆண்டு. நம் பாட்டிமார் வேப்பம் பிண்ணாக்கை வயலில் போட்டபோது தேதி போட்டுக் குறித்து வைக்கவில்லை. எதிர்ப்பவர்களுக்கு அதுதான் பெரிய பாடாக இருந்தது.

அண்ணனின் தேடல் அறிக்கை வந்துவிட்டது. முதல் கோரலுக்கு எதிராக 'எக்ஸ்' போட்டு ஒரு ஜப்பானிய ஆவணத்தைக் காட்டியிருக்கிறார்கள். எக்ஸ் என்றால் அந்த ஒன்றே கோரலைச் சாய்க்கப் போதும் என்று பொருள். குழாய்க்குள் குழாய் வைப்பது ஜப்பானில் பழைய கதையாம். தகட்டுக் கோரலுக்கு எதிராக 'ஏ' மட்டும்தான். ஏ என்றால் பின்னணித் தகவல், ஆபத்தில்லை. அதாவது நெல்லின் எடையால் நகரும் அந்தத் தகடு உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றவில்லை. முதல் கோரலில் தகட்டைச் சேர்த்துத் திருத்தினால் வழி இருக்கிறது.

மியூனிக்கில் நுழையக் கெடு வரும் மார்ச் மாதம். கூட்டுப் பட்டாவா தனிப் பட்டாவா என்பதை அதற்குப் பின்னால், காப்புரிமை கிடைக்கும் நேரத்தில் முடிவு செய்துகொள்ளலாம். இப்போது முடிவு செய்ய வேண்டியது இரண்டு லட்சத்துச் சொச்சம் கட்டுவதா, கூடவே அங்கே ஒரு பிரதிநிதியை வைத்துத் தீனி போடுவதா என்பதுதான். வெர்செல்லியிலிருந்தோ வாலென்சியாவிலிருந்தோ விலை கேட்டு ஒரே ஒரு கடிதமாவது வந்தால் கட்டலாம், வராவிட்டால் வேண்டாம், அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு உலர்த்தி செய்து திருவாரூரில் விற்கலாம் என்பது என் கட்சி. கடிதம் வராவிட்டாலும் கட்ட வேண்டும் என்பது அண்ணன் கட்சி. அவர் மனைவி என் பக்கம். மைத்துனருக்குக் கடிதம் வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறோம். அவர் இன்னும் வயல் படம்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.